முள் இல்லாத வன்னி

அச்சகத்தின் ஓவியப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் மேலாளர் போன வாரம் போன் செய்து, "தினமும் ஒரு செடியை வரையும் பழக்கத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றவனிடம் நேரம் நிறைய உண்டு, ஊக்கம்தான் கையிருப்பு குறைவு. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். நவி மும்பை கோபர்கைரனேயில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு ஜன்னலில் மழைக்குக் காயாமல் தொங்கும் லுங்கியைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நல்ல வார்த்தை நாலு தேறியதா என்று முடிவில் நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றுக்காக அலுவலகம் வந்தபோது உங்கள் மேசைகளைப் பார்த்தேன். அடேயப்பா! தோல் அட்டை போட்ட நோட்டு, பச்சையில் மட்டும் பன்னிரண்டு பேனா, தண்ணீரை உள்ளேயே அடைத்து வைத்திருக்கும் தூரிகை. சுவரில் 'நூறு நாள் இயற்கைச் சவால்' என்று ஒரு அட்டவணை, அதில் கட்டம் கட்டமாக நட்சத்திரம். ஒரு தங்கை அறுபத்தெட்டு நாள் விடாமல் வரைந்திருப்பதாகப் போனில் காட்டினாள். அறுபத்தெட்டில் நாற்பது படமாவது, இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த வெளிநாட்டுத் தொட்டிச் செடி. "இது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்க்ரீன்ல அங்கிள்" என்றாள். அவள் தலைக்கு நேர் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கழிவுநீர்க் குழாயைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அதை யாரும் வரைந்ததாகத் தெரியவில்லை. குழாய் ஒழுகுகிறது என்று புகார் மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

கேலி செய்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் இதே நோய்தான் இருந்தது. அப்போது வைஃபை இல்லாததால் வெளியே தெரியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவின் தலைமை ஓவியராக ஒருவர் இருந்தார். பெரியவர் என்போம். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். காலையில் மேசைக்கு வந்ததும், எந்த வேலையையும் தொடுமுன், உயிருள்ள ஒரு செடியை நேரில் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். கீழே தேதியும் இடமும் போட வேண்டும். சனிக்கிழமை மதியம் அவர் கையெழுத்துப் போடுவார். நாங்கள் வரைந்ததெல்லாம் மூலிகை எண்ணெய் லேபிள், பஞ்சாங்க அட்டை, பூஜைப் புத்தகம். அதற்கு எதற்கு இந்தக் கெடுபிடி என்று எனக்கு எரிச்சல். மூன்றாவது மாதத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை காலை சீக்கிரம் வந்து ஆறு நாள் படத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். திங்களுக்கு ஒரு பேனா, செவ்வாய்க்கு ஒரு பென்சில் என்று மாற்றி மாற்றி வரைவேன். புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு சொட்டு டீகூடச் சிந்தி வைப்பேன். இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பேசாமல் தினமும் ஒன்று வரைந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் உழைப்பதைவிட ஏமாற்றுவது மரியாதையாகத் தெரியும்.

மாட்டிக்கொண்டது கறிவேப்பிலையால். ஜன்னலோரத் தொட்டியில் நின்ற அந்தச் செடிதான் அந்த வாரம் என் ஆறு நாள் பாடம். செடியை நிமிர்ந்தே பார்க்காமல் தழைக்கத் தழைக்க ஆறு படம். பெரியவர் நிதானமாகப் புரட்டினார், திட்டவில்லை. சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். 'செவ்வாயன்று கேன்டீன்காரர் இந்தச் செடியை அவல் போஹாவுக்காக மொட்டையடித்துவிட்டார். புதன் முதல் சனி வரை தங்களிடம் உள்ள இலைகளை அவரிடம் ஒப்படைக்கவும், அவருக்குத் தட்டுப்பாடு.' பிரிவே சிரித்தது. நான் வெட்கப்பட்டு இரண்டு வருடம் ஒழுங்காக வரைந்தேன். பிறகு பெரியவர் ஓய்வு பெற்றார். நோட்டைக் கேட்க ஆளில்லாமல் போனதும் என் ஒழுக்கமும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

ஆனால் பெயர் நின்றுவிட்டது. அதுதான் ஆபத்து. தினமும் ஒரு செடி வரைகிறவர் என்று என்னை நாலு பேரிடம் அறிமுகம் செய்வார்கள், நானும் அடக்கமாகத் தலையாட்டுவேன். அந்த அடக்கத்தின் விலையை ஒரு பெண்மணி கொடுக்க வேண்டி வந்தது. உங்களுக்குச் சொல்ல வந்ததே அந்தக் கதைதான்.

பிள்ளையார் சதுர்த்திக்கு இருபத்தோரு வகை இலை சாத்தி அர்ச்சனை செய்வது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாட்டுங்கா பூக்கடைத் தெருவில் நூல் சுற்றிய கட்டாகவே விற்பார்கள். உள்ளே எது எது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். இதைப் பார்த்த எங்கள் முதலாளி ஒரு யோசனை செய்தார். அவர் காயல்பட்டினத்துக்காரர், பூஜைப் புத்தகங்களை எங்களைவிடக் கவனமாகப் பிழை பார்க்கிற மனிதர். இருபத்தோரு இலைக்கும் பக்கத்துக்கு ஒன்றாகப் படம் போட்டு ஒரு புத்தகம். படம் நான்தான். இருபது இலையை அங்கே இங்கே அலைந்து பார்த்துவிட்டேன். எருக்கு, நாயுருவி, ஊமத்தை, நொச்சி எல்லாம் நம் மும்பைக் குப்பைமேட்டிலேயே கிடைக்கிறது. வன்னி மட்டும் கிடைக்கவில்லை. அச்சுக்குப் போக ஒரே நாள். தெருவில் ஒரு கட்டு வாங்கி, அதில் வன்னி என்று விற்றவர் காட்டிய காம்பை வைத்து வரைந்து முடித்தேன். பொடிப்பொடி இலை, அழகான வளைவு, வழவழவென்று தண்டு. முதலாளி முன்னுரையில் எழுதினார்: 'இருபத்தோரு இலைகளையும் எங்கள் ஓவியர் ஒவ்வொன்றாக நேரில் கண்டு வரைந்துள்ளார்.' படித்துப் பார்த்தேன். காம்பையும் நேரில்தானே கண்டோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. ஏழு வருடம் போயிற்று. எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, சதுர்த்திக்கு மூன்று நாள் முன்னால், முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மாட்டுங்கா சொசைட்டி செக்ரட்டரி போன் பண்ணினாரு. நம்ம புஸ்தகம் வீட்டுக்கு ஒண்ணுன்னு நாப்பது வாங்கினவரு. அங்க இலை விக்கிற அம்மா வன்னின்னு என்னமோ முள்ளக் குடுத்துட்டாளாம். நீங்க வந்து சொன்னா சரியாப் போவுமாம். போய்ட்டு வந்துருங்க" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருட வேலையில் நிபுணன் என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குடையோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பழைய குடியிருப்பு அது, நாற்பது வீடு. கேட்டோரம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். தாராவியிலிருந்து நடந்து வந்து பத்து வருடமாக அந்த நாலடி இடத்தில் பூவும் இலையும் விற்கிறவள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒரு மாமி விரலில் பேண்ட்-எய்டு. நடுவில் செக்ரட்டரி, வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கேட்டை நிர்வகிக்கிறார்.

"வாங்கோ ஸார். இதைப் பாருங்கோ. இத்தனை வருஷமா இவ 'வன்னி கிடைக்கலை'ன்னு இருபது இலைதான் கொடுப்பா. நாங்க வன்னியை மட்டும் வெளியில வாங்கிப்போம். இந்த வருஷம் திடீர்னு வன்னி கிடைச்சுடுத்துங்கறா. பாத்தா முள்ளு! ஆத்துல ரத்தமே வந்துடுத்து. போன்ல இருக்கற ஆப்பை வெச்சுப் பாத்தேன். ஒரு தடவை தொட்டாச்சிணுங்கிங்கறது, ஒரு தடவை புளிங்கறது. மூணாவது தடவை என் கட்டைவிரலைக் காமிச்சு வெண்டைக்காய்ங்கறது. அதான் உங்களைக் கூப்பிட்டேன். உங்க படத்துல முள் இருக்கா, இல்லையா?"

என் புத்தகத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். வன்னிப் பக்கம். முள் இல்லை. செல்லத்தாய் கையில் இருந்த கிளையைப் பார்த்தேன். பொடி இலை, சொரசொரப்பான தண்டு, அங்கங்கே சின்ன முள். நான் வரைந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அந்த நிமிடத்தில் 'நான் வன்னி மரத்தைப் பார்த்ததே இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வினாடி வேலை. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கையில் வேறு நோட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு இப்படிச் சொன்னேன்:

"வன்னியில பல வகை உண்டு ஸார். எல்லாத்துக்கும் முள் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. படத்துல இருக்கிறது பொதுவா வழக்கத்துல இருக்கிறது."

தம்பிகளே, இந்த மாதிரி வாக்கியத்தை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். வாயிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கி வரும். அப்போது உங்கள் எதிரில் கூடையோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க வன்னி மரத்தப் பாத்திருக்கீயளா?"

"படம் நான்தாம்மா வரைஞ்சேன்."

"நான் அதக் கேக்கல."

நான் குடையைச் சரி செய்துகொண்டேன். செக்ரட்டரிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "சரி, பண்டிகை முடியற வரைக்கும் நீ இங்க உக்காராதே. எதிர்ப்பக்கம் போயிடு. சாமி விஷயம், நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். அவள் தார்ப்பாயை அவிழ்த்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் ரோட்டைக் கடந்து பாலத்தடிக்குப் போனாள். அங்கே வண்டிகள்தான் போகும், வாங்குகிறவர்கள் போக மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் மனது கேட்காமல் அந்தப் பக்கம் போனேன். அவள் இடத்தில் வேறொருவர் மஞ்சள் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் கட்டு வாங்கியது இவரிடம்தான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் என் புத்தகத்தை வன்னிப் பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் தேங்காய் ஒன்றை மேலே வைத்திருந்தார்.

"வன்னி எங்கேர்ந்து கொண்டு வர்றீங்க?" என்றேன்.

"ரயில் பட்ரி பக்கத்துல சார், மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் கிட்ட. எக்கச்சக்கமா இருக்கு. இந்தக் கிதாப் பாத்துத்தான் பறிக்கிறேன். பாருங்க, பக்கா மேட்ச் ஆவுது. எனக்குத் தமிழ் வாசிக்க வராது, வீட்டுல படிச்சுச் சொன்னாங்க. யாரோ பெரிய ஆர்ட்டிஸ்டாம். ஒவ்வொரு ஜாட், மரம் பக்கத்துலயும் போய் உக்காந்து வரைஞ்சாராம். ஜூட்டா, பொய்யா போடுவாரு?"

ஒரு காம்பை வாங்கிக்கொண்டு தாராவி வழியாக நடந்தேன். சந்து முனையில் கட்டியிருந்த ஓர் ஆடு எட்டிப் பிடுங்கித் தண்டோடு தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் சிரித்தார். "சுபாபுல் தழை சாப், ஆடு உசிரையே விடும். தினமும் பட்ரியிலேர்ந்து கொண்டாந்து இதைத்தான் போடறேன்" என்றார்.

அங்கேயே நின்றுவிட்டேன். நான் அந்த வியாபாரியைப் பார்த்து வரைந்தேன், அவர் என்னைப் பார்த்துப் பறித்தார். ஒருவருக்கொருவர் சாட்சியாக நின்று ஏழு வருடம் ஆட்டுத் தழையைப் பிள்ளையாருக்குச் சாத்த வைத்திருக்கிறோம். உண்மையான வன்னியைக் கொண்டு வந்த ஒருத்தியை, பொய்ச் சரக்கு என்று சொல்லி மழையில் எழுப்பி விட்டோம். ஆட்டுக்குக்கூட எது என்னவென்று தெரிந்திருக்கிறது.

நேரே பாலத்தடிக்குப் போனேன். செல்லத்தாயின் கூடை நிறைந்தபடியே இருந்தது.

"அந்த மரத்த எனக்குக் காட்டுவீங்களா?" என்றேன்.

"இப்பத்தான் பாக்கணும்னு தோணிச்சாக்கும்" என்றாள். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. பிறகு சொன்னாள்: "பண்டிக முடிஞ்சா அந்த ஆளு எந்திரிச்சுப் போவான்னா நெனைக்கிய? போவமாட்டான் அண்ணாச்சி. நாலு நாள் ஒருத்தன் கயிறு கட்டிட்டாம்னா அது அவன் இடந்தான். பத்து வருசம் நான் காச்சலோட வந்து உக்காந்ததும் அதுக்குத்தான். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு வாங்க."

செம்பூரில் ஒரு பழைய கோவிலின் பின்புறம் நின்றது மரம். எப்போதோ ஒரு ராஜஸ்தான்காரர் நட்டாராம், இந்த வருடம்தான் செல்லத்தாய் கண்ணில் பட்டிருக்கிறது. மழையில் கரிய தண்டு, மேலே புகை மாதிரி மெல்லிய இலை. செல்லத்தாய், "எங்கூர்ல கோயிலுக்கு ஒண்ணு நிக்கும். சின்னதுல அதுல ஏறித்தான் அடி வாங்குவேன். இத எனக்குப் புஸ்தகத்துலயா காட்டணும்?" என்று சொல்லிக்கொண்டே கிளைகளை வளைத்து ஒடித்தாள். நான் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு வரைந்தேன். ஒரு கிளையைப் பிடித்துப் பார்க்கப் போய் முள் குத்தியது. வலி சுருக்கென்று ஏறியது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான் ஒரு செடியைப் பார்த்து வரைந்தேன்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டாம் பதிப்பு கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருக்கேன்" என்றார். பிறகு, "சாமி புஸ்தகத்துல பொய்யி இருக்கப்படாது. முன்னுரை எழுதின நானுந்தான் பொறுப்பு. மறுபடி அடிக்கிறதுக்கு நேரமில்ல. முள்ளக் கையாலயே போட்டுருங்க. வித்ததுக்கும் போடுங்க, கட்டுல உள்ளதுக்கும் போடுங்க. போயி உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

கேட்டில் செக்ரட்டரி, பேண்ட்-எய்டு மாமி, இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். செல்லத்தாய் கூடையை இறக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஸார், இந்த அம்மா கொடுத்ததுதான் வன்னி. நான் வரைஞ்சது ஆட்டுத் தழை. நான் வன்னி மரத்தை இன்னைக்குக் காலையிலதான் முதல்ல பார்த்தேன். முந்தாநாள் உங்க முன்னாடி சொன்னது பூசி மெழுகினது."

செக்ரட்டரி முகம் வெளுத்துவிட்டது. என்மேல் கோபம் என்று நினைத்தேன். அதில்லை. "அப்போ ஏழு வருஷமா நாங்க பண்ணின பூஜை?" என்றார் மெல்ல.

"பிள்ளையார் கோவிச்சுக்கிட்ட மாதிரி தெரியலையே ஸார்" என்றேன்.

அவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "இதை வெளியில விட வேண்டாம். நாப்பது ஆத்துக்கும் புக்கை வாங்கிக் கொடுத்தது நான்தான். ஒண்ணு பண்ணலாம். இவ இங்கயே உக்காந்துக்கட்டும். முள்ளை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு விக்கட்டும். படத்தோட சரியாப் போயிடும்."

செல்லத்தாய்க்கு அது கேட்டுவிட்டது. "முள்ளக் கிள்ளுதேன் சார். அடுத்த வருசம் படத்துல வேரு இல்லம்பீங்க, நான் மரத்த வெட்டணுமா?" என்றாள். பேண்ட்-எய்டு மாமி களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்த கையோடு, "மரத்துக்கு முள்ளு இருந்தா இருந்துட்டுப் போறது. படத்தை மாத்துங்கோளேன்" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு வன்னிக் காம்பை அவரே எடுத்துக்கொண்டார். செக்ரட்டரி மஞ்சள் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பி, இடத்தை விடச் சொல்லிக் கை காட்டினார். மஞ்சள் தார்ப்பாய்க்காரர் மனஸ்தாபமில்லாமல் எழுந்துகொண்டார். அவர் புத்தகத்தில் முதல் முள்ளைப் போடலாம் என்று கை நீட்டினேன். "நை சார், கிறுக்காதீங்க, அது ப்ரூஃப்" என்று மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி.

செல்லத்தாய் நீலத் தார்ப்பாயைக் கட்டினாள். காவலாளி எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார். செக்ரட்டரி சொசைட்டி வாட்ஸப்பில் போட்ட செய்தி: 'ஓவியர் நேரில் வந்து வன்னிப் படத்தை மேம்படுத்தித் தருகிறார். புத்தகத்துடன் வரவும்.' பிழை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வரிசை நின்றுவிட்டது. முள் போட்டதும் சிலர் கையெழுத்தும் கேட்டார்கள். ஒரு மாமா இரண்டு முள் அதிகமாகப் போட்டுத் தரச் சொன்னார், பேத்திக்கு நல்ல வரன் அமைய வேண்டுமாம். ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொள்வது இவ்வளவு கௌரவமான வேலை என்று தெரிந்திருந்தால் இன்னும் சிலவற்றைச் சேர்த்து ஒப்புக்கொண்டிருப்பேன்.

முதல் நாலைந்து புத்தகத்துக்கு, காலையில் வரைந்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பிறகு பார்க்கத் தேவைப்படவில்லை. கைக்கே தெரிந்துவிட்டது. நோட்டை மூடிக் காலுக்குக் கீழே வைத்துவிட்டேன். டக் டக்கென்று முள், அடுத்து, டக் டக், அடுத்து. இலை கிளம்பும் கணுவில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் போட்டால் பார்க்க லட்சணமாக வேறு இருந்தது. இருபதைத் தாண்டியிருப்பேன்.

அந்தச் சமயம் செல்லத்தாய் பூவுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தெளிக்கிற கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது?"

"முள்ளும்மா."

"இது கருவேல முள்ளுல்லா. ஜோடி ஜோடியாக் கணுவுல நிக்குது. வன்னி முள்ளு கணுவுலயா இருக்கும்? நடுத்தண்டுல, அங்கொண்ணு இங்கொண்ணால்லா இருக்கும்." ஒரு கிளையை உருவி என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. காலையில் என் விரலில் ஏறியதும் நடுத்தண்டு முள்தான். நோட்டில் சரியாகத்தான் வரைந்திருந்தேன். அது என் செருப்புக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்தது.

அவள் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த வருசம் இந்தப் படத்தத்தான தூக்கிட்டு வருவாங்க? உன் முள்ளு தப்பான எடத்துல இருக்கு, எந்திரின்னுதான சொல்லுவாங்க?"

அவமானம் என்று நான் இதுவரை நினைத்ததெல்லாம் அவமானமே இல்லை என்று அப்போது தெரிந்தது. வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடியேறினேன். லிஃப்ட் பண்டிகைக் கூட்டத்தில் நிரம்பி வழிந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம், புத்தகத்தைக் கொடுங்கள், தப்பாகப் போட்டுவிட்டேன்" என்று கேட்டு வாங்கினேன். சிலர் சிரித்தார்கள். பேத்திக்கு வரன் பார்க்கும் மாமா தர மறுத்தார், அவரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். முட்டி வலிக்கப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தபோது, செல்லத்தாய் என் ஸ்டூலைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தாள். எதிரில் தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு வன்னிக் கிளையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், என் கண்ணுக்கு நேராக.

நான் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். கை பழைய வேகத்தில் கிளம்பியது.

"பாத்துப் போடுங்க அண்ணாச்சி, என்ன அவசரம்?" என்றாள் அவள், கூடையை இன்னும் கொஞ்சம் கேட்டுப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே. "நான் இங்கனதான் இருப்பேன்."